காட்டுவதும் கொடுப்பதும்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் நாங்கள் ஒன்பது பேர் ஒரு வீட்டு மாடியில் கூடுவது வழக்கம். பிலிம் சுருளில் படமெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் நாங்கள். எங்களுள் பள்ளி ஆசிரியர் உண்டு. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் உண்டு. நாற்பது ஆண்டுக் காலம் ஸ்டுடியோ நடத்தி, அதை மூடிய பிறகு, 'இனி எனக்காக எடுக்கிறேன்' என்று வந்து சேர்ந்த முதியவர் ஒருவரும் உண்டு. அந்த மாதம் எடுத்த படங்களைப் பாயின்மேல் பரப்பிவைப்போம். ஒவ்வொருவரும் பிறர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் பின்புறத்தில் பென்சிலால் தம் கருத்தை ஒரு வரியில் எழுதவேண்டும். பெரிய காட்சிகள் எவையும் அப்படங்களில் இரா. வாசற்படியில் கழற்றிவிட்ட செருப்புகள், மழை விட்டபின் கொடிக்கயிற்றில் தங்கிய நீர்த்துளிகள், தேநீர்க் கடையில் கவிழ்த்துவைத்த கண்ணாடி டம்ளர்கள். அன்றாடம் நாம் கடந்து செல்பவைதாம்.

எழுதப்படாத விதி ஒன்றும் எங்களுக்கு உண்டு. தோற்றுப்போன படத்தை ஒளிக்கக் கூடாது. காலங்கடந்த பிலிமில் எடுத்தது, தவறான சூட்டில் கழுவியது, கருவியின் பின்மூடி இடுக்கில் ஒளி புகுந்து பாழானது ஆகிய அனைத்தையும் கொண்டுவர வேண்டும். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் இயங்கிய நாளில், அதன் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளில் கைப்பழகியவர்கள் எங்களுள் மூவர். அந்த ஆலை மூடப்பட்ட பின்னும், அலமாரியின் மூலையில் பத்திரப்படுத்திய ஒன்றிரண்டு சுருள்களை இன்னும் சோதனைக்கு எடுக்கிறார்கள். பெரும்பாலும் மூட்டமே வருகிறது. அதையும் பாயில் வைக்கிறார்கள். தன் வெற்றியை மட்டும் காட்டுபவன் பாராட்டைத் தேடுகிறான் என்றும், தோல்வியையும் காட்டுபவன் நட்பைத் தேடுகிறான் என்றும் நான் நெடுநாள் பெருமையோடு எண்ணிவந்தேன். அந்தப் பெருமையில் இருந்த ஓட்டை ஒரு கீரைக்காரியால் எனக்குத் தெரியவந்தது.

எங்கள் ஊர்ச் சந்தையின் வடக்கு வாயிலில் ஆச்சி ஒருவர் கீரை விற்கிறார். ஒருநாள் நண்பகலில், விற்பனை ஓய்ந்த நேரம், கூடையின் விளிம்பில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். தகரக் கூரையின் துளை வழியே ஒரு கீற்று வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது. ஒரு கை, விற்காத கீரைக்கட்டுகளின்மேல், குழந்தையைத் தட்டி உறங்கவைப்பதுபோல் கிடந்தது. நான் அரவமின்றி அருகே சென்று ஒரு படம் எடுத்தேன். அந்த மாதக் கூட்டத்தில் அதுதான் பேச்சு. 'ஒளி அற்புதம்', 'கூடையின் வளைவும் முதுகின் வளைவும் ஒன்று', 'இந்த ஆண்டின் சிறந்த படம்' என்றெல்லாம் பின்புறம் நிறைந்துவிட்டது.

அந்தக் களிப்பில் படத்தை எடுத்துக்கொண்டு ஆச்சியிடமே போனேன். அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும் என்றுதான் எண்ணினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஒறங்கும்போதா எடுத்தீய? வாயத் தொறந்துகிட்டு கெடக்கேன்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத யார் யாருக்கெல்லாம் காட்டினீய?" என்று கேட்டார்.

எட்டுப் பேருக்கு என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தைத் திருப்பித் தந்தார். "கார்டுல இருக்கது நான்தானான்னு எனக்கே தெரியல. வார வெள்ளிக்கெழம நல்ல சேல உடுத்திட்டு வாரேன். நேரா நிக்கேன். அத எடுத்துத் தாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா மாலை போட ஒரு படம் வேணும்லா?"

எடுத்துத் தருவதாக வாக்களித்தேன்.

யார் யாருக்கெல்லாம் காட்டினீர்கள்? வழியெல்லாம் இந்தக் கேள்வியே என்னுடன் நடந்தது. 'ஏன் எடுத்தீர்கள்' என்று கேட்டிருந்தால் மறுமொழி என்னிடம் ஆயத்தமாக இருந்தது. அழகைக் கண்டேன், பதிந்தேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்டது வேறு. எடுப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே ஒரு வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தின் நடுவே பாயில் கிடப்பவர் மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை. எங்கள் தோல்விகளைக்கூட மறைக்காமல் பகிர்ந்துகொள்ளும் நட்பு என்று நான் பெருமை கொண்டேனே, அங்கே நாங்கள் பகிர்ந்துகொண்டது எங்களுடையதை மட்டுமா?

பொழுதுபோக்காளர்கள் தம் படங்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்வது இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. 1861-ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. இரட்டைப் படங்களாக அச்சிட்டு, ஒவ்வோர் உறுப்பினரும் மற்றெல்லா உறுப்பினர்க்கும் அஞ்சலில் அனுப்புவார். பெறுகிறவர் யாவரும் தருகிறவர். அதுவே அதன் ஒழுங்கு. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்குள் எடுத்து, உடனே கழுவவேண்டும். ஒரு முகம் தெளிவாக விழ அந்த மனிதர் பெரும்பாலும் சில நொடிகளேனும் அசையாது நிற்கவேண்டியிருந்தது. அசையாது நிற்பவர் எதற்காக நிற்கிறோம் என்பதை அறிந்தே நின்றார். கருவியின் மெத்தனமே அவருடைய இசைவுக்குக் காவலாய் இருந்தது எனலாம்.

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொடாக் கருவியை 25 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்தக் காவல் விலகியது. நூறு படங்களுக்கான சுருள் உள்ளே இருக்கும். எடுத்து முடித்ததும் கருவியை அப்படியே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பி, 10 டாலர் செலுத்தினால், படங்களும் புதுச்சுருள் இட்ட கருவியும் திரும்பி வரும். இருட்டறை தேவையில்லை, மருந்துக்கறை படிந்த விரல்கள் தேவையில்லை. இரண்டே ஆண்டுகளில், 1890-இல், பாஸ்டன் வழக்கறிஞர்களான சாமுவேல் வாரனும் லூயி பிராண்டீசும் தனிமனிதனின் அந்தரங்க உரிமையைப் பற்றிப் புகழ்பெற்ற சட்டக் கட்டுரை ஒன்றை ஹார்வர்டு சட்ட இதழில் எழுதினார்கள். அவர்களை எழுதத் தூண்டிய தொல்லைகளில் நொடிப்பொழுதில் எடுக்கும் புகைப்படமும் ஒன்று. பிராண்டீஸ் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஆச்சியின் கேள்வி, ஆக, நூற்றாண்டுக்கும் மேலான கேள்வி. அவர் அதைச் சுருக்கமாகக் கேட்டார், அவ்வளவே.

கைப்பேசியில் படமெடுப்போரைவிட நாங்கள் மேலானவர்கள் என்ற எண்ணம் பிலிம்காரர்களிடம் உண்டு. என்னிடமும் இருந்தது. முப்பத்தாறு படங்களே உள்ள சுருளை வைத்திருப்பவன் யோசித்து எடுக்கிறான், பொறுமையாகக் காத்திருக்கிறான் என்போம். உண்மைதான். ஒளி பட்ட பிலிமில் ஒரு சில வெள்ளி அணுக்களின் கூட்டமாக, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் பிம்பம், மருந்தில் இறங்கும்வரை நமக்காகக் காத்திருக்கிறது. அந்த இடைவெளி மனத்தைப் பக்குவப்படுத்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொறுமை வேறு, பிறர்மீது கொள்ளும் மதிப்பு வேறு. மெதுவாகத் திருடுகிறவனும் திருடன்தானே? ஒரு சுருளின் விலைக்கு அந்த ஆச்சியின் கூடைக்கீரை முழுவதையும் வாங்கிவிடலாம். இதையும் நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இனிச் சொல்லப்போவது என் குற்றம்.

வெள்ளிக்கிழமை ஆச்சி சொன்னபடியே வந்தார். அரக்கு நிறச் சேலை, தலைக்கு எண்ணெய், நெற்றியில் திருநீறு. நீலச் சுவர் ஒன்றின்முன் நேராக நின்றார். அன்று என் கருவியில் இருந்தது காலங்கடந்த, வேகம் மிகுந்த பிலிம். சோதனைக்கென்று போட்டுவைத்திருந்தேன். மாற்றியிருக்கலாம். ஆறு படங்கள் எடுத்தேன்.

அந்த மாதம் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் காப்பியில் பிலிம் கழுவுவது என்று பேசியிருந்தோம். இதை அறியாத வாசகருக்கு ஒரு சொல். 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும், இன்ஸ்டன்ட் காப்பித் தூளும் காரமும் கலந்த கரைசல் கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவவல்லது என்று காட்டினார்கள். வேலை செய்வது காப்பியில் உள்ள கஃபீயிக் அமிலம். நம்மை விழித்திருக்கச் செய்யும் கஃபீன் அன்று. பின்னர் வந்தவர்கள் வைட்டமின் சி சேர்த்து அதற்கு வலுவூட்டினர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 54 கிராம் சலவைச் சோடா, 16 கிராம் வைட்டமின் சி, 40 கிராம் காப்பித் தூள். 20 பாகை சூட்டில் பதினைந்து நிமிடம் என்பது பலரும் பின்பற்றும் அளவு. ஆப்பச் சோடா உதவாது. சிக்கரி கலக்காத தூளாக இருப்பது நலம். நம் ஊர்க் கடைகளில் அதைத் தேடித்தான் வாங்கவேண்டும். நாற்றமோ சொல்லுந்தரம் அன்று. என் வீட்டார் அன்று வாசல் திண்ணையில்தான் இருந்தார்கள். வேகம் மிகுந்த பிலிமுக்குச் சிறிது பொட்டாசியம் புரோமைடும் சேர்க்கவேண்டும். இல்லையேல் மூட்டம் படியும். என்னிடம் புரோமைடு தீர்ந்திருந்தது. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் 30 பாகைக்குக் குறையாது; பனிக்கட்டி போட்டுக் குளிர்விக்கவும் எனக்குப் பொறுமை இல்லை.

எந்தச் சுருளை அந்தக் கரைசலில் இறக்கினேன் தெரியுமா? ஆச்சியின் ஆறு படங்கள் இருந்த சுருளை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். நினைவிருந்தது. ஞாயிறு நெருங்கிவிட்டது, நண்பர்களுக்குக் காட்ட என்னிடம் வேறு சுருள் இல்லை, வந்தாலும் வரும் என்று துணிந்தேன். என் சொத்தை வைத்துச் சூதாடினால் அது விளையாட்டு. ஒருவர் தம் சாவுக்குப் பின் சுவரில் தொங்கவேண்டும் என்று நம்பி ஒப்படைத்த முகத்தை வைத்து ஆடினால் அதற்கு என்ன பெயர்?

ஆறிலும் அடர்ந்த மூட்டம். ஒன்றில் மட்டும், பழுப்பு மேகத்துக்குப் பின்னிருந்து பார்ப்பதுபோல், கண்களும் நெற்றியும் தெரிந்தன. அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். நடந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? பாராட்டு மழை. முதுமையே மூட்டமாய் வந்ததுபோல் இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். நினைவு மங்குவதைக் காட்டுகிறது என்றார் இன்னொருவர். ஆச்சிக்குப் பயன்படாத படம், எங்களுக்குக் கலையாகிவிட்டது. அவருக்கு நேர்ந்த இழப்பே எங்கள் விருந்தாயிற்று. நானும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஸ்டுடியோ முதியவர் மட்டும் பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. படத்தைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டவங்களுக்குக் கொடுத்தாச்சா, சார்?" என்றார். இல்லை என்றேன். பிறகு தம் தொழிலைப் பற்றிப் பேசினார். நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் அம்மைத்தழும்பைத் தொட்டு மறைத்த இரவுகள். கல்யாணப் படம் கெட்டுவிட்டால் சோறு இறங்காது. ஆகவே முக்கியமானதை எப்போதும் இரண்டு முறை எடுத்துவைத்த பழக்கம். "வந்து நிக்கிறவங்க காசு குடுத்துப் படத்த வாங்கிட்டுப் போவாங்க. புடிக்கலைன்னா மூஞ்சியில எறிஞ்சிடுவாங்க. நம்மள யார் எறியப்போறா?" என்று சிரித்தார்.

அமெச்சூர் என்னும் சொல், அன்பு செய்வதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கூலிக்காக அன்றி அன்பிற்காகச் செய்பவன் என்று நாங்கள் இச்சொல்லைப் பெருமையாக எடுத்துக்கொள்கிறோம். தொழில்காரர், தம்முன் நிற்பவருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர். நாங்களோ எவருக்கும் கடமைப்படாதவர்கள். அதுவே எங்கள் சுதந்திரம். ஆனால் எதன்மீது அன்பு? வெயில் கீற்றின்மீதா, அது விழுந்த கன்னத்தின்மீதா? இரண்டும் ஒன்றே என்று சொல்லித் தப்பிக்க நான் முயன்றதுண்டு. கன்னத்துக்குரியவருக்கு ஒரு விருப்பம் இருக்கும்போது அவை இரண்டாகிவிடுகின்றன.

இதற்கு மறுப்பும் உண்டு; அது இலேசானதும் அன்று. ஒவ்வொருவரையும் கேட்டே எடுக்கவேண்டும் என்றால், உலகம் முழுவதும் நீலச் சுவர்முன் நேராக நிற்கும் மனிதர்களாலேயே நிறைந்துவிடும். எளியவர் உழைத்ததும் களைத்ததும் சிரித்ததும் எங்கும் பதிவாகா. வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க்கின் சுரங்க ரயிலில், மேலங்கிப் பொத்தான்களுக்கிடையே கண்ணாடிவில்லை மட்டும் எட்டிப்பார்க்கும்படி கருவியை மறைத்துவைத்து, எதிரே இருந்த பயணிகளை எடுத்தார். எவரிடமும் கேட்கவில்லை. காவல் களைந்த அம்முகங்களை வேறு எவ்வகையிலும் எடுத்திருக்க முடியாது. ஆயினும் அவற்றை நூலாக வெளியிட 1966 வரை ஆயிற்று. கால் நூற்றாண்டு இடைவெளி முழு விடை அன்று. அம்முகங்களுக்குரியவர்கள் இன்னும் எங்கோ வாழ்ந்துகொண்டிருந்தார்களே.

இன்னும் சிக்கலானது விவியன் மேயரின் கதை. சிகாகோவில் பிறர் குழந்தைகளை வளர்க்கும் பணிப்பெண்ணாக வாழ்ந்தவர் அவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஏறக்குறைய எவருக்கும் காட்டவில்லை. நூற்றுக்கணக்கான சுருள்களைக் கழுவாமலே விட்டார். 2007-இல், வாடகை செலுத்தாத கிடங்கிலிருந்து அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. 2009-இல் அவர் இறந்தபின் உலகம் அவரைக் கொண்டாடியது. அப்படங்களைப் பார்த்து நானும் வியந்தவனே. ஆனால் அவர் மறைத்துவைத்தது வறுமையாலா, விருப்பத்தாலா? கேட்க ஆளில்லை. சிகாகோத் தெருமனிதரை அவர் கேளாமல் எடுத்தார். அவரைக் கேளாமல் நாம் காட்டினோம். அப்படங்கள் இல்லாத உலகம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். அப்படிச் சொல்வதனாலேயே கேள்வி தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

நான் வந்து நிற்கும் இடம் இதுதான். முன்கூட்டிக் கேட்பது எப்போதும் இயலாது. கூட்டத்தில், பேருந்தில், திருவிழாவில் யாரைக் கேட்பது? ஆனால் எடுத்த பிறகு, பாயில் வைக்குமுன், ஒன்றைச் செய்ய இயலும். படத்தில் உள்ளவரை முதல் பார்வையாளராக எண்ணிப்பார்க்கலாம். இதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணிவு உண்டா? அவர் முகம் கோணினால் அந்தக் கோணலை ஏற்பேனா? நண்பருக்குக் காட்டுவதில் கூச்சம் இல்லாத நமக்கு, உரியவரிடம் கொடுப்பதில் கூச்சம் வருமானால், நாம் அந்தப் படத்தைப் பெற்ற வழியில் ஏதோ கோணல் இருக்கிறது. இது சட்டமாக எழுதத் தக்கதன்று. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது இருவர் ஒப்பவில்லை; அவர்கள் வாதத்தில் வலுவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கெட்டுப்போன செய்தியைச் சொல்லச் சந்தைக்குப் போனபோது ஆச்சி அங்கில்லை. மகளின் பேறுகாலத்துக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான்கு மாதங்கள் அந்த இடம் காலியாகக் கிடந்தது. மாலை போட ஒரு படம் வேண்டும் என்றாரே என்ற நினைவு ஒவ்வொரு முறை அவ்வழி போகும்போதும் உறுத்தும். ஒருநாள் கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். மீண்டும் ஒருமுறை நிற்கும்படி கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். காப்பியில் கழுவினேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. "காப்பியிலயா?" என்று பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அதே அரக்குச் சேலையில் மறுநாள் வந்து நின்றார். புதுச் சுருள்; முறையான டெவலப்பர்; முதியவர் சொன்னபடி ஒவ்வொரு நிலையிலும் இரண்டு முறை எடுத்தேன்.

பத்துக்கு எட்டு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைகள் விறைத்து, கண்கள் நேரே நோக்கி, சற்றும் சிரிக்காமல் நிற்கும் படம். எங்கள் மாடியில் வைத்திருந்தால் எவரும் பென்சிலைத் தொட்டிருக்கமாட்டார்கள். ஆச்சி வெகுநேரம் பார்த்தார். பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"முன்னால காட்டினீயளே, அந்த ஒறங்குற படம், அது இருக்கா?"

கிழித்துவிடச் சொல்வார் என்று எண்ணி, இருக்கிறது என்றேன்.

"அதுலயும் ஒண்ணு தாங்க. மகளுக்குக் குடுத்துவிடணும். ஆத்தா சந்தையில சும்மா உக்காந்து காத்து வாங்குதான்னு நெனச்சிட்டிருக்கா. எம்புட்டு அசந்து கெடக்கேன்னு அவளும் பாக்கட்டும்."

என்னிடம் இருந்த பிரிண்டின் பின்புறம் முழுவதும் ஒளியைப் பற்றியும் வளைவுகளைப் பற்றியும் பென்சில் எழுத்துகள். அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அன்றிரவே புதிதாக ஒன்று போட்டு, காலையில் கொண்டுபோனேன். வாங்கிச் செய்தித்தாளில் சுற்றிக் கூடைக்கடியில் வைத்தார். பிறகு, நேராக நிற்கும் படத்துக்குச் சட்டம் போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். கண்ணாடி போட்டால் இவ்வளவு, போடாவிட்டால் இவ்வளவு என்று சொன்னேன். கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்றார்.